ஹெச்-இண்டெக்ஸ் எழுபதுன்னா எதுல எழுபது?

வணக்கம் நேயர்களே. மூளை ஆராய்ச்சியப் பத்திப் பேசுங்கன்னு கூப்பிட்டிருக்காங்க, ஆனா நான் மூளைக்குள்ள போகப்போறதில்ல, அந்த ஆராய்ச்சி பண்றவங்களுக்கு மார்க் போடுற விஷயம் ஒண்ணு இருக்கு பாருங்க, அதத்தான் பேசலாம்னு வந்திருக்கேன். ஒரு நியூரோசயின்ஸ் ஆளை மேடையில அறிமுகப்படுத்தறப்போ கவனிச்சிருப்பீங்க. 200 ஆராய்ச்சிப் பேப்பர் போட்டிருக்கார், 30,000 சைட்டேஷன், ஹெச்-இண்டெக்ஸ் 70னு கடகடன்னு வாசிப்பாங்க, கீழ உக்காந்திருக்கவங்க எல்லாம் தலைய ஆட்டுவாங்க. அதுல பாதிப் பேருக்கு அந்த 70 எதுல 70னே தெரியாது, கேக்கறதுக்கும் கூச்சம்.

சைட்டேஷன்னா வேற ஒண்ணும் இல்ல. நீங்க எழுதின பேப்பர இன்னொருத்தர் தன்னோட பேப்பர்ல மேற்கோள் காட்டினா உங்க கணக்குல ஒண்ணு ஏறும். ஏன் காட்டினார்ங்கற கேள்வியே கிடையாது. ஆஹா ஓஹோன்னு பாராட்டினாலும் ஒண்ணுதான், இது சுத்தத் தப்புன்னு கிழிச்சாலும் ஒண்ணுதான், எல்லாரும் போடறாங்களேன்னு படிக்காமலே கடைசிப் பக்கத்துல சேத்துவிட்டாலும் ஒண்ணுதான். இத முறையா எண்ண ஆரம்பிச்சவர் அமெரிக்காவுல யூஜீன் கார்ஃபீல்டு. 1955ல யோசனையச் சொல்றார், 1964ல சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்ங்கற அட்டவணை வெளிய வருது. அவர் நினைச்சது என்னன்னா, ஒரு பழைய பேப்பர் கையில இருக்கு, அதுக்கப்புறம் யார் யார் அத வச்சு மேல போயிருக்காங்கன்னு தேடிப் பிடிக்க ஒரு வழி வேணும், அவ்வளவுதான். தேடறதுக்குச் செஞ்சத, பின்னாடி வந்தவங்க ஆள அளக்கறதுக்கு எடுத்துக்கிட்டாங்க.

ஹெச்-இண்டெக்ஸ் ரொம்பப் புதுசு, 2005ல ஹோர்ஹே ஹிர்ஷ்னு ஒரு இயற்பியல்காரர் கொண்டுவந்தது. உங்க பேப்பர எல்லாம் சைட்டேஷன் அதிகமா இருக்கறதுல இருந்து கம்மி வரைக்கும் வரிசையா அடுக்குங்க. 70 பேப்பருக்கு ஒவ்வொண்ணுக்கும் குறைஞ்சது 70 சைட்டேஷன் இருந்து, 71 பேப்பருக்கு 71ன்னு போனா இடிக்குதுன்னா உங்க ஹெச் 70. கேக்க அழகாத்தான் இருக்கு. இப்ப ஒருத்தர் 5 பேப்பர்தான் எழுதினார், ஒவ்வொண்ணுக்கும் 5,000 சைட்டேஷன்னு வச்சுக்கோங்க, அவர் ஹெச் 5. பக்கத்து அறைக்காரர் 20 பேப்பர், ஒவ்வொண்ணுக்கும் 20, அவர் ஹெச் 20. மொத்தமாப் பாத்தா முதல் ஆளுக்கு 25,000, ரெண்டாவது ஆளுக்கு 400. வேலைக்கு ஆள் எடுக்கற கமிட்டி மேசையில 20தான் பெருசாத் தெரியும்.

இது சும்மா கணக்குப் புத்தக உதாரணம்னு நினைக்காதீங்க. 1952ல ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி ரெண்டு பேரும் கணவாய் மீனோட கண்ணுக்கே தெரியுற தடிமனான நரம்பு இழைய வச்சு, நரம்புல மின்சாரச் சிக்னல் எப்படி ஓடுதுன்னு கண்டுபிடிச்சு அந்த ஒரே வருஷத்துல 5 பேப்பரா போட்டாங்க, அதுல ஒண்ணுல பெர்னார்ட் கட்ஸ்னு இன்னொரு விஞ்ஞானியும் கூட இருந்தார். 1963ல நோபல் பரிசு. இன்னைக்கும் நரம்பு செல்ல கம்ப்யூட்டர்ல மாடல் பண்றவங்க அந்தச் சமன்பாட்டுலதான் ஆரம்பிக்கறாங்க. அந்த 5 பேப்பரோட அவங்க கடைய மூடியிருந்தா ஹெச்-இண்டெக்ஸ் 5, இப்ப இருக்கற நிறைய எடத்துல வேலைக்கு இண்டர்வியூகூட வராது.

இன்னொரு பக்கமும் இருக்கு. உலகத்துலயே அதிகமா சைட் பண்ணப்பட்ட பேப்பர் எதுன்னு கேட்டா, டிஎன்ஏவா, ரிலேட்டிவிட்டியான்னு நினைப்பீங்க. ஆலிவர் லௌரின்னு ஒருத்தர், மூளைத் திசுவோட வேதியியல்ல ஊறினவர், 1951ல ஒரு கரைசல்ல எவ்வளவு புரோட்டீன் இருக்குன்னு அளக்கற முறைய எழுதினார். அதுக்கு 3 லட்சத்துக்கு மேல சைட்டேஷன். லேப்ல நீங்க எத ஆராய்ச்சி பண்ணாலும் புரோட்டீன அளந்தே ஆகணும், அளந்தா எந்த முறைன்னு எழுதியே ஆகணும், அதனால லௌரி பேர் வந்துக்கிட்டே இருக்கு. மூளை ஸ்கேன் பக்கம் வந்தா கார்ல் ஃப்ரிஸ்டன் கதையும் பாதி இதுதான். 90கள்ல லண்டன்ல ஸ்கேன அலசறதுக்கு எஸ்பிஎம்னு ஒரு சாஃப்ட்வேர் எழுதி யார் வேணா எடுத்துக்கோங்கன்னு விட்டார், எஃப்எம்ஆர்ஐ, அதாவது மூளை வேலை செய்யறதப் படம் பிடிக்கற ஸ்கேன், பண்ற பாதி உலகம் அதுல உக்காந்துச்சு, 2016ல செமான்டிக் ஸ்காலர்ங்கற பேப்பர் தேடற இணையதளம் போட்ட பட்டியல்ல நியூரோசயின்ஸ்லயே செல்வாக்கு அதிகமான ஆள்னு அவர் பேர் முதல்ல வந்துச்சு. மனுஷன் தியரியும் நிறைய பண்றவர்தான், அதக் குறைச்சு சொல்லல, ஆனா அந்த எண்ணிக்கைக்கு அடியில ஒரு நல்ல கருவி இருக்கு. கருவி செய்யறது பெரிய வேலை, அதுக்குச் சேரவேண்டிய பேர் சேரட்டும், ஆனா அது வேற வகையான பெருமை. ரிவ்யூ பேப்பரும் அப்படித்தான், புதுசா ஒரு பரிசோதனைகூட இல்லாம அடுத்தவங்க செஞ்சதத் தொகுத்து எழுதுறது, அதுக்குத்தான் மூலப் பேப்பர விட சைட்டேஷன் கொட்டும். ஒருத்தரோட ப்ரொஃபைல்ல மேல இருக்கற 10ல எத்தன ரிவ்யூன்னு எண்ணிப் பாருங்க, சுவாரஸ்யமா இருக்கும்.

அப்புறம் பேர் வரிசை. நியூரோசயின்ஸ்ல முதல் பேர்தான் ராத்திரி பகலா உக்காந்து வேலை செஞ்ச ஆள், பெரும்பாலும் பிஎச்டி பண்றவரோ, அத முடிச்சுட்டு லேப்ல வேலை பாக்கற போஸ்ட்டாக்கோ. கடைசிப் பேர் லேப் ஓனர். நடுவுல இருக்கவங்க டேட்டா குடுத்தவங்க, ஸ்கேனர் ஓட்டினவங்க, ஸ்டாட்ஸ் பாத்தவங்க, சில சமயம் மரியாதைக்குச் சேத்தவங்களும் உண்டு. மரபணு, ஸ்கேன் எல்லாம் சேந்த பெரிய கூட்டுத் திட்டப் பேப்பர்ல நூத்துக்கணக்குல பேர் இருக்கும், ஆனா சைட்டேஷன எண்ணிக் காட்டற கூகுள் ஸ்காலர் தளம் அத்தன பேருக்கும் முழு மார்க் போடும், பங்கு பிரிக்காது. அதனாலதான் நான் மொத்த நம்பர விட முதல் பேரா, கடைசிப் பேரா இருக்கற பேப்பரத் தனியாப் பாக்கறேன்.

வேலையோட வேகத்தையும் யோசிக்கணும். ஒரு குரங்க ஒரு டாஸ்க்குக்குப் பழக்கி, மூளையில எலக்ட்ரோட் வச்சு, செல் செல்லாப் பதிவு பண்ணி முடிக்க வருஷக்கணக்குல ஆகும், வர்றது ஒரு பேப்பர். அதே நேரத்துல இன்னொருத்தர் ஹ்யூமன் கனெக்டோம் ப்ராஜெக்ட்னு மூளை இணைப்புகள வரைபடமாக்கற திட்டத்துல சும்மா கிடைக்கற சுமார் 1,200 பேரோட ஸ்கேன டவுன்லோட் பண்ணி வருஷத்துக்கு நாலு பேப்பர் போடலாம். ரெண்டும் நியாயமான வேலைதான். ஆனா ரெண்டு பேரையும் ஒரே தராசுல வச்சா குரங்குக்காரர் காலி.

கஹால் கதைய சொல்லாம விட முடியாது. ஸ்பெயின்காரர், சாண்டியாகோ ரமோன் இ கஹால். மூளை ஒரே பின்னின வலை கிடையாது, தனித்தனி செல்லுங்கன்னு காட்டினவர். 1888ல பார்சிலோனாவுல அவருக்கு ஒரு பிரச்சனை, படம் படமா வரைஞ்சு குவிச்சிருக்கார், போடறதுக்கு ஜர்னல் இல்ல. சொந்தக் காசுல தானே ஒரு ஜர்னல் ஆரம்பிச்சார், அடிச்சது 60 பிரதி, அதுல பெரும்பகுதிய வெளிநாட்டு உடற்கூறியல் ஆளுங்களுக்குத் தபால்ல அனுப்பினார். ஸ்பானிஷ்ல இருந்ததால கண்டுக்க ஆள் இல்ல. மறு வருஷம் மைக்ரோஸ்கோப்பையும் ஸ்லைடுகளையும் தூக்கிக்கிட்டு பெர்லின் மாநாட்டுக்குப் போய், தெரிஞ்ச அரைகுறை ஃப்ரெஞ்சுல பேசி, அந்தத் துறையில பெரிய கையான கோலிக்கரக் கூட்டிட்டு வந்து லென்ஸ்ல பாக்க வச்சார். அங்கதான் கதை திரும்புச்சு. 1888ல இந்த ஆளோட ஜர்னலுக்கு இம்பாக்ட் ஃபேக்டர், அதாவது ஒரு ஜர்னல்ல வர்ற பேப்பருக்கு சராசரியா எத்தன சைட்டேஷன்ங்கற கணக்கு, போட்டிருந்தா என்ன வந்திருக்கும்? 60 பிரதி, ஆசிரியரும் அவரே, எழுதினவரும் அவரே, இன்னைக்கா இருந்தா போலி ஜர்னல்னு சொல்லிக் கழிச்சுக் கட்டியிருப்பாங்க. 1906ல நோபல, செல்ல சாயமேத்திப் பாக்கற முறைய அவருக்கு முன்னாடியே கண்டுபிடிச்ச கோல்ஜியோட பகிர்ந்துக்கிட்டார். கோல்ஜி அந்த நோபல் உரையிலயே கஹால் சொல்ற கொள்கை சரியில்லன்னு வாதாடினார், இன்னைக்குக் கணக்குப்படி அதுவும் கஹாலுக்கு ஒரு சைட்டேஷன்தான்.

1971ல ஜான் ஓகீஃப், டோஸ்ட்ரோவ்ஸ்கி ரெண்டு பேரும் எலி ஒரு குறிப்பிட்ட எடத்துல நிக்கறப்போ மட்டும் மூளையில ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியில ஒரு செல் துடிக்குதுன்னு வெறும் 5 பக்கத்துல எழுதினாங்க. ஓகீஃபுக்கு நோபல் வந்தது 2014ல, 43 வருஷம் கழிச்சு. ஆனா ஜர்னலோட இம்பாக்ட் ஃபேக்டர் பாக்கறது முந்தின 2 வருஷத்துல வந்த பேப்பர மட்டும், அதுவும் அந்த ஜர்னலோட சராசரி, தனிப் பேப்பரோட தரத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் ரொம்பக் கம்மி.

இப்ப கசப்பான ஒண்ணு. 2006ல நேச்சர் ஜர்னல்ல அல்சைமர் பத்தி ஒரு பேப்பர் வந்துச்சு, எலியோட ஞாபக மறதிக்கு ஒரு குறிப்பிட்ட அமிலாய்டு புரோட்டீன் சேர்க்கைதான் காரணம்னு. 2,000க்கு மேல சைட்டேஷன். 2022ல அதுல இருந்த படங்கள் மேல சந்தேகம் வெளிய வந்துச்சு, கை வச்சு மாத்தின மாதிரி இருக்குன்னு, 2024ல பேப்பரத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க. 18 வருஷம். அதுக்குள்ள எத்தன பேரோட உழைப்பும் பணமும் அந்தப் பக்கம் போயிருக்கும்னு நினைச்சா வயிறு எரியுது. அந்த எண்ணிக்கை இன்னும் அப்படியே நிக்குது, வாபஸ் ஆனாலும் சைட்டேஷன் கழியாது. ஹெச்-இண்டெக்ஸும் ஏறுமே தவிர இறங்காது, ஆளே போய்ச் சேந்தாலும் ஏறிக்கிட்டே இருக்கும்.

இதெல்லாம் துறைக்காரங்களுக்குத் தெரியாதான்னா, தெரியும். 2012 டிசம்பர்ல சான் ஃபிரான்சிஸ்கோவுல நடந்த செல் உயிரியல் கூட்டத்துல பேச்சு ஆரம்பிச்சு அடுத்த வருஷம் டோரான்னு ஒரு பிரகடனம் வந்துச்சு, ஜர்னலோட இம்பாக்ட் ஃபேக்டர வச்சு ஆள எடை போடாதீங்கன்னு. ஆராய்ச்சிக்குப் பணம் குடுக்கற அமெரிக்காவோட என்ஐஹெச் அமைப்பு, அதிகபட்சம் 5 பங்களிப்பச் சொல்லி அதுல உங்க வேலை எதுன்னு எழுதிக் குடுங்கன்னு கேக்க ஆரம்பிச்சுச்சு. எனக்கு இது பிடிச்சிருக்கு, ஆனா இதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. கதை சொல்லத் தெரிஞ்சவன் ஜெயிப்பான், கூச்சப்படுற ஆள், எழுத்து வராத ஆள் பின்தங்குவான், நம்பர்ல இருந்து தப்பிச்சவன் வாய்ஜாலத்துல மாட்டுவான். படிச்சுப் பாக்கற கமிட்டிக்கும் நேரம் வேணும், 300 விண்ணப்பம் மேசையில இருக்கறப்போ யாரோ ஒருத்தர் பக்கத்துல கூகுள் ஸ்காலரத் திறந்து வச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருப்பார், அத எந்தப் பிரகடனத்தாலயும் தடுக்க முடியாது.

அப்படித் திறக்கறவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள், சைட்டேஷன் வரிசையில பாக்காம வருஷ வரிசைக்கு மாத்திட்டு, முதல் பேரா இருக்கற ரெண்டு பேப்பர எடுத்து, படத்துக்குக் கீழ எத்தன எலி, எத்தன ஆள்னு போட்டிருக்கத மட்டுமாவது படிங்க. நேரம் முடிஞ்சிருச்சுன்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துல இருந்து கை காட்டறாங்க. நன்றி, வணக்கம்.