பணம் சேர்வதற்குள் வயது போய்விடுகிறது

பின் வரிசைக்குக் கேட்கிறதா? சரி, ஒரு பிறந்தநாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1978 ஜூலை 25, இங்கிலாந்தின் ஓல்டம் நகரம். உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையான லூயிஸ் பிரவுன் பிறந்த நாள். அம்மா லெஸ்லிக்குக் கருக்குழாய்கள், அதாவது கருமுட்டை கருப்பைக்கு வரும் வழிகள், அடைபட்டிருந்தன. அப்பா ஜான், ரயில்வேயில் லாரி ஓட்டியவர். கருமுட்டையையும் விந்தையும் உடலுக்கு வெளியே சேர்த்துக் கருவாக்கி, கருப்பையில் வைக்கிற அந்தச் சிகிச்சைக்குப் பெயர் ஐ.வி.எஃப். அது என்றாலே வசதியானவர்கள் சமாசாரம் என்று இன்று நினைக்கிறோமே, அது முதலில் பலித்தது ஒரு லாரி டிரைவர் வீட்டில்தான்.

அடைபட்ட கருக்குழாயைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி வேண்டும் என்றுதான் அந்த முறையையே தேடினார்கள். குழாய் ஏன் அடைக்கிறது? பல நேரம், கவனிக்காமல் விட்ட தொற்றால். உடலுறவில் பரவும் கிளமிடியா, கொனோரியா, பிரசவத்துக்கோ பாதுகாப்பில்லாத கருக்கலைப்புக்கோ பிறகு ஏறும் கிருமி, இப்படி. ஆரம்பத்திலேயே மருந்தில் சரியாகியிருக்க வேண்டியவை. அந்த மருந்து பலருக்கு நேரத்தில் கிடைக்காததால் சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் குழந்தையின்மைக்கு இந்த அடைப்பு ஒரு பெரிய காரணம். ஐ.வி.எஃப். மையங்களோ அங்கே மிகக் குறைவு. யாருடைய நோய்க்காக மருந்து பிறந்ததோ, அவர்கள் ஊருக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்ன கணக்குப்படி, வாழ்நாளில் ஏறத்தாழ 6 பேரில் ஒருவருக்குக் குழந்தையின்மைப் பிரச்சினை வருகிறது. பணக்கார நாடுகளில் 17.8 சதவீதம், நடுத்தர, ஏழை நாடுகளில் 16.5 சதவீதம். பெரிய வித்தியாசமே இல்லை. வித்தியாசம் எல்லாம் அதற்கு அப்புறம், சிகிச்சை யாருக்குக் கிடைக்கிறது என்பதில்தான்.

பணம்தானே காரணம் என்பீர்கள். ஆமாம், ஆனால் பணம் மட்டும் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் காப்பீட்டு நிறுவனங்களே இந்தச் செலவை ஏற்க வேண்டும் என்று 1987-லேயே சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் சிகிச்சைக்கு வந்தவர்களில் படித்த, நல்ல வருமானம் உள்ள வெள்ளையர்கள்தான் மிக அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. பில்லை யாரோ கட்டுகிறேன் என்று சொன்ன பிறகும் ஏன் மற்றவர்கள் வரவில்லை?

ஒரு சுற்று சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்த்தால் பாதி பதில் கிடைக்கும். பத்துப் பன்னிரண்டு நாள், பல கருமுட்டைகள் ஒன்றாக வளர்வதற்காக, தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வயிற்றில் ஊசி. அந்த மருந்துகளில் பலவற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும், அப்படியானால் வீட்டில் பெட்டி வேண்டும், மின்சாரம் நிற்காமல் வர வேண்டும், கூட்டுக் குடும்பமாக இருந்தால் அதைத் திறக்கிற எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு ஸ்கேன். கடைசியில் முட்டையை முதிர வைக்கும் டிரிகர் ஊசி, அதைப் போட்டுச் சுமார் 36 மணி நேரத்தில் கருமுட்டையை எடுத்தாக வேண்டும். தாமதித்தால் முட்டை தானாக வெளியேறிவிடும், அந்தச் சுற்றே வீண். முட்டை எடுப்பது காலை எட்டரைக்கு என்றால் ஊசி முந்தின நாளுக்கும் முந்தின இரவு எட்டரைக்கு. இப்போது தினக்கூலிக்குப் போகிற ஒரு பெண்ணை, அல்லது இரவு ஷிப்டில் நிற்கிறவரை இந்த அட்டவணையில் வைத்துப் பாருங்கள். இரண்டு வாரத்தில் ஐந்து முறை லீவு கேட்க வேண்டும், காரணத்தையும் சொல்ல முடியாது.

முதல் சுற்றிலேயே பலருக்குக் கைகூடுவதும் இல்லை. அடுத்த சுற்றுக்குப் பணம் சேர்க்க வேண்டும். வசதி உள்ளவர் இரண்டு மூன்று மாதத்தில் திரும்பி வருகிறார், இல்லாதவர் கடனை அடைத்து, சீட்டு எடுத்து, மூன்று வருஷம் கழித்து வருகிறார். முப்பத்தைந்துக்கு மேல் ஒவ்வொரு வருஷமும் வாய்ப்பு குறைகிறது, நாற்பதைத் தாண்டினால் சரசரவென்று இறங்குகிறது. இந்தத் துறையில் ஏழ்மை முதலில் தின்பது காலத்தைத்தான். அப்புறம் ரிப்போர்ட்டில் ‘வயது காரணம்’ என்று எழுதுவார்கள்.

யார் தகுதியானவர் என்று அரசு போடுகிற கோடுகள் தனிக்கதை. இஸ்ரேலில் பெண்ணுக்கு 45 வயது வரை, இரண்டு குழந்தைகள் பிறக்கும் வரை அரசுச் செலவு. ஜெர்மனியின் பொதுக் காப்பீடு அடிப்படையில் பாதிச் செலவு தரும், அதுவும் திருமணமானவர்களுக்கு. இங்கிலாந்தில் 40-க்குக் கீழே மூன்று சுற்று தரலாம் என்பது வழிகாட்டுதல், ஆனால் முடிவெடுப்பது அந்தந்தப் பகுதி வாரியம். பல இடங்களில் ஒன்றுதான் கிடைக்கும். கணவருக்கு முந்தைய திருமணத்தில் ஒரு குழந்தை இருந்தால் அதுவும் கிடையாது என்கிற இடங்களும் உண்டு! இத்தாலி 2004-இல் தானமுட்டையையும் தானவிந்தையும் தடை செய்தது. 2014-இல் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்குகிற வரை, காசுள்ளவர்கள் ஸ்பெயினுக்குப் போய் வந்தார்கள். தடை யாரைத் தடுத்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக வீட்டுக்குள் வருவோம். ‘மலடி’ என்ற வசவு நம் எல்லோர் காதிலும் விழுந்திருக்கிறது. ‘மலடன்’ என்று யாரையாவது திட்டிக் கேட்டிருக்கிறீர்களா? சுமார் பாதித் தம்பதிகளில் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனைக்கு ஒரு சின்னக் குப்பி போதும், வலி இல்லை, செலவும் மற்றவற்றோடு பார்த்தால் சொற்பம். ஆனாலும் மனைவிக்குச் சாயம் செலுத்தி எக்ஸ்ரே, மயக்கம் கொடுத்து வயிற்றில் சின்னத் துளை வழியே கேமராவால் பார்க்கும் லேப்ராஸ்கோபி எல்லாம் முடிந்த பிறகுதான், சில வீடுகளில் அந்தக் குப்பி கணவர் கைக்கே போகிறது. அதற்குள் இரண்டு வருஷம் ஓடியிருக்கும். இது எந்த நாட்டுப் பட்ஜெட்டிலும் வராத தாமதம், எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

நேரமாகிவிட்டது, கேள்விகளுக்குப் போகலாம். எழுந்து கேட்க வேண்டாம், துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புங்கள், பெயரும் போட வேண்டாம். போன கூட்டத்தில் வந்த சீட்டுகளில் ஏறக்குறைய எல்லாமே பெண்கள் எழுதியவை. ஆண்கள் பக்கமும் அந்தப் பேனாவைக் கொஞ்சம் அனுப்புங்கள்.