ம்பலாக் கேட்கும்போது தாளத்தை எங்கே பிடிப்பது?

வணக்கம் மக்களே. இன்னிக்கு செனகல் நாட்டோட ம்பலாக் இசை பத்தி பேசப்போறோம். அந்த நாட்டுப் பாடகர் யூசூ என்தூர் பேரு நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். பாடகி நெனெ செரியோட சேர்ந்து 1994-ல அவர் பாடின பாட்டு உலகம் முழுக்க ஓடுச்சு. ஆனா அது ம்பலாக் இல்ல. தலைநகர் டக்கார்ல கல்யாண வீட்லயும் பேர் வைக்கிற விழாவுலயும் ஜனங்க எழுந்து ஆடுற இசை வேற.

1960-ல பிரான்ஸ்கிட்ட இருந்து செனகலுக்கு விடுதலை கிடைச்ச சமயத்துல, டக்கார் கிளப்புகள்ல கொடிகட்டிப் பறந்தது கியூபா இசை. ஸ்டார் பேண்ட் மாதிரி குழுக்கள் ஸ்பானிஷ்லயே பாடுவாங்க. சபார் மேளம் தெருவுல, பெண்கள் கூடி ஆடுற இடத்துல இருந்துச்சு. அதை வாசிச்சவங்க கெவெல் குடும்பங்கள். பரம்பரையா மேளமும் புகழ்ப்பாட்டும்தான் அவங்க தொழில். சமூகத்துல அவங்களைக் கீழ்த்தட்டுலதான் வெச்சிருந்தாங்க. எழுபதுகள்ல வோலோஃப் மொழிப் பாட்டு கிளப்புக்குள்ள வந்துச்சு, தாமாங்கிற சின்ன மேளமும் சபாரும் மேடை ஏறுச்சு. என்னைக் கேட்டா, மொழி மாறினதை விட மேளம் மேடை ஏறினதுதான் பெரிய விஷயம். வரியை மட்டும் மாத்தியிருந்தா, அது வோலோஃப்ல பாடின கியூபா இசையாவே நின்னுருக்கும்.

இப்ப சபாரைப் பார்ப்போம். திம்ப் மரத்தைக் குடைஞ்சு, ஆட்டுத் தோல் போட்டு, சுத்தி முளைக்குச்சி அடிச்சு இறுக்கினது. முளையை உள்ள தட்டினா சுதி ஏறும். காத்துல ஈரம் இருந்தா தோல் தொய்ஞ்சு சத்தம் மழுங்கிடும், மறுபடி தட்டணும். ஒரு கையில மெல்லிசான குச்சி, இன்னொரு கை வெறுங்கை. நம்ம தவில்ல ஒரு பக்கம் குச்சி, ஒரு பக்கம் விரல்னு வாசிப்பாங்கல்ல, இங்க ரெண்டும் ஒரே தோல்ல விழும். ஆழமான கையடி ‘கின்’, பளீர்னு அறையுற கையடி ‘பாஹ்’. இப்படி அடிக்கு அடி சொல் இருக்கு, பாடத்தை வாயாலயே சொல்லிக் கொடுத்துடலாம்.

ஒரே ஒரு மேளத்தை வெச்சு சபார் நடக்காது. உசரமான ந்தேர் தலைமை தாங்கும். அடிப்பக்கம் மூடின மேளங்கள் கனமான சத்தம் கொடுக்கும். நடுத்தர அளவுல இருக்கிற ம்பெங்-ம்பெங் ஒரே கோர்வையை விடாம வாசிச்சுக்கிட்டே இருக்கும். பாட்டுக்கே முதுகெலும்பு அந்தக் கோர்வைதான். நடுவுல எல்லா மேளமும் ஒண்ணா சேர்ந்து ஒரு நீளமான வாக்கியம் வாசிப்பாங்க, அதுக்குப் பேர் ‘பாக்க்’.

மேடையில கிடாரும் கீபோர்டும் இந்த மேளம் மாதிரியே வேலை செய்யும். யூசூவோட சூப்பர் எத்துவால் குழுவுல ஹபீப் ஃபாய் கொண்டுவந்த ‘மரிம்பா’ (மரக்கட்டையைத் தட்டி வாசிக்கிற வாத்தியம்) மாதிரியான கீபோர்டு வாசிப்பைக் கவனிங்க. ரெண்டு கையும் மாறி மாறிப் பின்னி, சின்னச் சின்ன ஸ்வரத்தை மேளச் சொல் மாதிரியே தெறிக்க விடும். ஜிமி ம்பாய் கிடார்ல கலாம்னு சொல்ற மரபு நரம்புக் கருவி சத்தத்தைக் கொண்டு வந்தார். அசான் தியாமோட தாமா அக்குள்ல இடுக்கிக்கிற சின்ன மேளம். கயித்தை அமுக்கினா சுதி ஏறும், விட்டா இறங்கும்.

புதுசா கேட்கறவங்க தடுமாறுற இடமும் இதுதான். கீபோர்டு பெரும்பாலும் தட்டுக்கு நடுவுல விழும். காதுக்கு அதுதான் பளிச்சுனு கேட்குறதால, அதையே தட்டுன்னு நினைச்சு கை தட்ட ஆரம்பிச்சுடுவோம். அப்புறம் பாக்க் வந்ததும் எல்லாம் கலைஞ்சுடும். இன்னொரு சிக்கலும் இருக்கு. ஒரு தட்டை மூணா பிரிக்கிறதும் நாலா பிரிக்கிறதும் ஒரே பாட்டுல உரசிக்கிட்டே போகும், அதனால உள்கணக்கு எண்ணப் போனா மாட்டிக்குவீங்க. காலால நிதானமா நாலு தட்டு மட்டும் போடுங்க. முதல் தடவை பாடகர் குரலை மட்டும் பிடிச்சுக்கோங்க. ரெண்டாவது தடவை டிரம்ஸையும் பேஸையும் கேளுங்க. கீபோர்டை மூணாவதா சேர்த்துக்கலாம். பாக்க் வரும்போது கூடவே ஓடாதீங்க, கால் பாட்டுக்குப் போகட்டும், பாடகர் திரும்பி வரும்போது சரி பார்த்துக்கலாம். போன் ஸ்பீக்கர் இதுக்கு உதவாது, கனமான அடி எதுவும் அதுல கேட்காது. ஹெட்போன் போட்டுக்கோங்க.

பதிவைத் தேர்ந்தெடுக்குறதுலயும் கவனம் வேணும். யூசூ பல வருஷம் உள்ளூருக்கு ஒரு விதமாவும் வெளிநாட்டுக்கு இன்னொரு விதமாவும் பதிவு பண்ணினார். வெளிநாட்டு ஆல்பத்துல சபாரை அடக்கி, சிந்தசைசரை ஏத்தியிருப்பாங்க. டக்கார் கேசட்டுக்காகப் பண்ணின பதிவையோ நேரடிக் கச்சேரியையோ தேடிப் பிடிங்க, மேளம் முகத்துல அறையும்.

ஒண்ணு மட்டும் அழுத்திச் சொல்றேன். ம்பலாக்கையே செனகலோட தேசிய இசைன்னு சொல்லிடறாங்க, ஆனா அது முதல்ல டக்காரோட, வோலோஃப் பேசுறவங்களோட இசை. அந்த நாட்டுல செரேர், ஜோலா, புலார் பேசுறவங்களும் இருக்காங்க. வடக்குல ஆத்தங்கரை ஊரான போதோர்ல இருந்து வந்த பாபா மால், புலார் மொழியில யேலா தாளத்தை வெச்சுப் பாடுறவர். ம்பலாக் காதுக்குப் பழகினதும் அடுத்து அவரைக் கேளுங்க. நடையே வேற மாதிரி இருக்கும்.