66% ஹெட் என்று எழுதியிருந்தால் என்ன அர்த்தம்?

வணக்கம் நண்பர்களே. என் கையில் இருக்கிறவள் ஒரு பால் பைத்தான், அதாவது பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்கிற மலைப்பாம்பு. நாலு வயது, எடை 1,700 கிராம். கேமராவுக்குக் கிட்டே கொண்டு வருகிறேன், பாருங்கள். கறுப்பு உடம்பு, இடையிடையே மண் நிறத் திட்டுகள். கானா, டோகோ, பெனின் பக்கம் காட்டில் பிடிபடும் பாம்புக்கும் இவளுக்கும் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் கிடையாது. ஆனாலும் குட்டியாக இருந்தபோது இவளை அதிக விலை கொடுத்துத்தான் வாங்கினேன். டப்பாவின் மேல் ஒரு வரி ஒட்டியிருந்தது: "66% ஹெட் கிளவுன்". கிளவுன் என்பது ஒரு நிற வகையின் பெயர். அந்த வரியை நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். நீங்கள் அப்படி ஏமாறக்கூடாது என்றுதான் இந்த வீடியோ.

பள்ளிக்கூடத்தில் படித்த மெண்டலின் பட்டாணிச் செடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஜீனும் இரண்டு பிரதி: அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. கிளவுன், பைபால்ட், அல்பினோ என்கிற நிற வகைகள் எல்லாம் ஒடுங்கு பண்புகள். இரண்டு பிரதியும் மாறியிருந்தால்தான் நிறம் வெளியே தெரியும். அப்படித் தெரிகிற பாம்பை விஷுவல் என்பார்கள். ஒரு பிரதி மட்டும் மாறியிருந்தால் பாம்பு சாதாரணமாகவே இருக்கும், ஆனால் அந்த ஜீனைச் சுமந்துகொண்டிருக்கும். அதுதான் ஹெட். ஹெட்டிரோசைகஸ் என்பதன் சுருக்கம்.

சரி, அந்த 66% எங்கிருந்து வந்தது? இரண்டு ஹெட் கிளவுன்களை இணை சேர்த்தால், சராசரியாக நாலு குட்டிக்கு ஒன்று கிளவுன், இரண்டு ஹெட், ஒன்று வெறும் நார்மல். கிளவுனைப் பார்த்தவுடனே தனியாக எடுத்து வைத்துவிடலாம். மிச்சம் மூன்றும் ஒரே மாதிரி இருக்கும். மூன்றில் இரண்டு ஹெட், ஆனால் எந்த இரண்டு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் மூன்றுக்குமே "66% ஹெட்" என்று எழுதிவிடுகிறார்கள்.

இந்த இடத்தை மெதுவாகக் கேளுங்கள். அந்த 66% பாம்புக்குள் இருக்கிற அளவு இல்லை, நமக்குத் தெரிந்திருப்பதன் அளவு. ஜீன் இருந்தால் முழுசாக இருக்கிறது, இல்லையென்றால் அறவே இல்லை. பெற்றோரில் ஒன்று ஹெட், இன்னொன்று நார்மல் என்றால் குட்டிகள் 50% ஹெட். பெற்றோரில் ஒன்றே கிளவுனாக இருந்து, குட்டி சாதாரணமாகத் தெரிந்தால் அது 100% ஹெட். அதில் சந்தேகமே இல்லை.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? 66% என்றால் கிளவுன் குட்டிகள் கொஞ்சம் குறைவாக வரும், அவ்வளவுதான் என்று. மூன்று வருஷம் வளர்த்து, ஒரு கிளவுன் ஆணோடு சேர்த்தேன். ஏழு முட்டை. 31 டிகிரியில் வைத்து 58-ஆம் நாள் முதல் முட்டையில் கீறல் விழுந்தது. அந்தக் கீறல் வழியாக ஒரு சின்ன மூக்கு வெளியே வந்து, மூச்சு விட்டுக்கொண்டு அப்படியே மணிக்கணக்கில் இருந்தது. மறுநாள் தலை வந்தது. நார்மல். அடுத்தது, நார்மல். ஏழும் நார்மல்.

இவள் உண்மையிலேயே ஹெட்டாக இருந்திருந்தால் ஒவ்வொரு முட்டையிலும் கிளவுன் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஏழும் தவறிப்போக 128-இல் ஒரு வாய்ப்புதான். ஆகவே இவள் ஹெட் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு கிளவுன் வந்திருந்தால் போதும், "ப்ரூவ்டு", அதாவது ஹெட் என்று நிரூபணமானவள் என்று எழுதியிருப்பேன். விற்றவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்புறம் ஒன்று, அந்த ஏழு குட்டிகளுக்கும் அப்பா கிளவுன். அதனால் ஏழுமே 100% ஹெட்!

அடுத்து சூப்பர். பாஸ்டல், மொஹாவே, லெஸ்ஸர் என்கிற நிற வகைகளில் ஒரு பிரதி இருந்தாலே நிறம் மாறிவிடும், இரண்டு இருந்தால் இன்னும் பலமாக மாறும். அந்த இரண்டு பிரதிப் பாம்புதான் சூப்பர். இரண்டு லெஸ்ஸரைச் சேர்த்தால் நாலில் ஒன்று பால் வெள்ளையாக, நீலக் கண்ணோடு வரும். முதல் தடவை பார்க்கும்போது கண்ணை எடுக்கவே முடியாது. பாம்பு வளர்ப்பவர்கள் இதைக் கோ-டாமினன்ட் என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். சரியான பெயர் முழுமையற்ற ஓங்குத்தன்மை. சிவப்பு அந்திமந்தாரையையும் வெள்ளையையும் சேர்த்தால் இளஞ்சிவப்புப் பூ வருகிறதே, அது. கோ-டாமினன்ட் என்றால் இரண்டும் தனித்தனியாகத் தெரிய வேண்டும், ஏபி ரத்த வகை மாதிரி. சந்தையில் இதற்காகச் சண்டை போட மாட்டேன், ஆனால் நீங்கள் தெரிந்து வைத்திருங்கள்.

மொஹாவேயையும் லெஸ்ஸரையும் சேர்த்தாலும் நீலக் கண் வெள்ளைப் பாம்பு வரும். இரண்டும் ஒரே ஜீனின் வெவ்வேறு வடிவங்கள், அதாவது அல்லீல்கள். இதற்கு நேர்மாறான கதையும் இருக்கிறது. அல்பினோவும் மஞ்சள் வெள்ளை, லாவெண்டர் அல்பினோவும் கிட்டத்தட்ட அதே மாதிரி. இரண்டையும் சேர்த்தால்? குட்டிகள் அத்தனையும் நார்மல்! பலர் இதை நம்பவே மாட்டார்கள். கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், பாம்பு வளர்ப்பவர்கள் அனுப்பிய உரித்த சட்டைகளை வைத்தே ஆராய்ந்து 2022-இல் காரணத்தைச் சொன்னார்கள். அல்பினோவில் கெட்டிருப்பது டைரோசினேஸ் ஜீன், லாவெண்டரில் ஓசிஏ2 என்கிற வேறு ஜீன். ஒன்றின் குறையை மற்றது நிரப்பிவிடுகிறது. பெயரில் அல்பினோ என்று இருப்பதை மட்டும் நம்பி ஜோடி சேர்க்காதீர்கள்.

ஸ்பைடர் என்கிற நிற வகை பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு பிரதி இருந்தாலே தெரிகிற ஓங்கு பண்பு, வலை மாதிரி மெல்லிய கோடுகள், அழகுதான். ஆனால் அதே ஜீன் தலை ஆட்டத்தையும் கொண்டு வருகிறது. சில பாம்புகள் இரையைக் குறி பார்க்க முடியாமல் தடுமாறுவதை நேரில் பார்த்திருக்கிறேன். எத்தனை தலைமுறை வேறு பாம்போடு கலந்தாலும் அது போகாது, ஏனென்றால் நிறமும் ஆட்டமும் ஒன்றாகவே வருகின்றன. நான் ஸ்பைடர் வளர்க்க மாட்டேன், இணை சேர்க்கவும் மாட்டேன்.

இனி வாங்கும்போது பெற்றோர் இரண்டின் படத்தையும் கேளுங்கள், ஹெட் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேளுங்கள். இப்போது சில மார்ஃப்களுக்கு, அதாவது நிற வகைகளுக்கு, டிஎன்ஏ சோதனையும் வந்துவிட்டது, பாம்பின் உரித்த சட்டைத் துண்டு போதும். இதோ இந்தக் குட்டிப் பையன் 50% ஹெட் அல்பினோ. போன வாரம் சட்டை உரித்தான், ஒரு துண்டைக் காய வைத்து நேற்று கவரில் போட்டு அனுப்பிவிட்டேன். பதில் வந்ததும் அந்தத் தாளை உங்கள் முன்னாலேயே பிரிக்கிறேன்.