பங்காளியா என்று ஒய் குரோமோசோமைக் கேட்டால்

வணக்கம் நேயர்களே.

பங்காளி என்ற சொல்லைப் பாகப்பிரிவினையிலும், குலதெய்வக் கோயிலுக்குத் தலைக்கட்டு வரி போடும்போதும்தான் நாம் அதிகம் கேட்கிறோம். அது யாரையெல்லாம் குறிக்கிறது என்று பாருங்கள். அப்பாவின் அண்ணன் தம்பிகள், தாத்தாவின் அண்ணன் தம்பிகள், அவர்களுடைய மகன்கள், மகன் வழிப் பேரன்கள். நடுவில் ஒரு பெண்வழி வந்துவிட்டால் உறவு மாமன் மச்சான் பக்கம் திரும்பிவிடும். ஆண்களிடம் மட்டும் இருந்து, அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும் மரபு இழை ஒய் குரோமோசோம். அது இறங்கி வருகிற பாதையும் இதேதான். ஆகவே ஒய் டி.என்.ஏ. சோதனை என்ன சொல்லும் என்று யாராவது கேட்டால், இரண்டு ஆண்கள் பங்காளிகளா, எவ்வளவு நெருங்கிய பங்காளிகள் என்று சொல்லும் என்பதுதான் நேரான பதில். இதை மனதில் வைத்துக்கொண்டால் பல ஏமாற்றங்களைத் தவிர்க்கலாம்.

மற்ற குரோமோசோம்கள் தலைமுறைக்குத் தலைமுறை சீட்டுக்கட்டு மாதிரிக் கலைக்கப்படுகின்றன. ஒய் குரோமோசோம் தன் இரண்டு நுனிகளில் மட்டும் எக்ஸ் குரோமோசோமோடு கொஞ்சம் மாற்றிக்கொள்ளும். மீதி அப்படியே மகனுக்கு இறங்கும். டி.என்.ஏ.வின் அடிப்படை அலகுகளை எழுத்துகள் என்பார்கள். சுமார் 6 கோடியே 20 லட்சம் எழுத்துகள் கொண்ட ஒய்யை நுனி முதல் நுனி வரை விடுபடாமல் படித்து வெளியிட்டதே 2023இல்தான். பிரதி எடுக்கும்போது எப்போதாவது ஒரு பிழை விழும். அந்தப் பிழை அதற்குப் பின் வரும் ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் போகும். ஏடு பெயர்த்து எழுதியவர் விட்ட பிழையை வைத்து, எந்தச் சுவடியைப் பார்த்து எந்தச் சுவடி எழுதப்பட்டது என்று பதிப்பாசிரியர்கள் கண்டுபிடிப்பார்களே, இங்கே நடப்பதும் அதே வேலைதான்.

சொந்தத்துக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் சமூகங்களுக்கு இதில் ஒரு தனி நன்மை உண்டு. இன்று அதிகம் விற்பது எல்லாக் குரோமோசோம்களையும் பார்க்கும் பொதுச் சோதனை. இரண்டு பேருக்கு எவ்வளவு டி.என்.ஏ. பொதுவாக இருக்கிறது என்று கூட்டிப் பார்த்து உறவு சொல்வார்கள். அத்தை மகளையும் அக்கா மகளையும் கட்டி வந்த குடும்பத்தில் ஒரே முன்னோர் நாலைந்து வழியாக வந்து சேர்வார். அதனால் தூரத்து உறவுகூட நெருங்கிய உறவு போலத் தெரியும். ஒய்யில் அந்தச் சிக்கல் கிடையாது. எத்தனை முறை மாமன் வீட்டில் சம்பந்தம் செய்திருந்தாலும் அது அப்பன் வழியை மட்டும்தான் பேசும்.

இந்தச் சோதனையின் பலத்தையும் எல்லையையும் ஒரே இடத்தில் காட்டுவது தாமஸ் ஜெஃபர்சன் வழக்கு. அவர் அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவர். அவருடைய மான்டிசெல்லோ பண்ணையில் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸின் பிள்ளைகளுக்கு அவரே தந்தை என்ற பேச்சு அவர் உயிரோடு இருந்தபோதே எழுந்தது. ஜெஃபர்சன் வீட்டார் அதை மறுத்து, அவருடைய சகோதரியின் மகன்களான கார் சகோதரர்களைக் கை காட்டினார்கள். 1998இல் யூஜீன் ஃபாஸ்டர் என்ற மருத்துவர் இதைச் சோதித்தார். ஜெஃபர்சனின் மனைவிக்குப் பிறந்த மகன் யாரும் பிழைத்து வளரவில்லை. எனவே ஃபாஸ்டர் பங்காளிகளைத் தேடினார். ஜெஃபர்சனின் பெரியப்பா ஃபீல்ட் ஜெஃபர்சனின் ஆண்வழி வாரிசுகள் ஐந்து பேர் கிடைத்தார்கள். சாலியின் கடைசி மகன் எஸ்டனின் ஆண்வழி வாரிசு ஒருவரும் கிடைத்தார். அவருடைய ஒய், ஜெஃபர்சன் வீட்டு ஒய்யோடு பொருந்தியது. கார் குடும்பத்தின் ஒய் பொருந்தவில்லை. சாலியின் முதல் மகன் வழி வந்தவர்கள் என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்த உட்சன் குடும்பத்தின் ஒய்யும் பொருந்தவில்லை.

இனி எல்லையைப் பாருங்கள். எஸ்டனின் தந்தை ஜெஃபர்சன் வீட்டு ஆண் என்று மட்டும்தான் ஒய் சொன்னது. தாமஸுக்கு ராண்டால்ஃப் என்று ஒரு தம்பி இருந்தார். அவருக்கும் மகன்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே ஒய். அவர்களுக்குள் யார் என்று பிரித்துக் காட்ட அதனால் முடியாது. அதைக் காட்டியவை தாள்கள். சாலி கருவுற்ற காலங்களில் எல்லாம் ஜெஃபர்சன் மான்டிசெல்லோவில்தான் இருந்தார் என்று அவருடைய பயணக் குறிப்புகளிலிருந்து தெரிந்தது. ஒய் குடும்பத்தைக் காட்டும். ஆளைக் காட்டக் காகிதம் வேண்டும்.

இப்போது செய்முறைக்கு வருவோம். முதலில் கேள்வியை எழுதி வையுங்கள். "எங்கள் பூர்வீகம் என்ன" என்பது இந்தச் சோதனைக்கான கேள்வி ஆகாது. "நாலு தலைமுறைக்கு முன் பிரிந்துபோன அந்த வீட்டாரும் நாங்களும் ஒரே தாத்தா வழியா" என்பது சரியான கேள்வி. அப்படிக் கேட்டால் சோதிக்க இரண்டு பேர் வேண்டும் என்பது தானாகத் தெரியும். ஒருவர் மட்டும் சோதித்துவிட்டு, உலகில் எங்கோ இருக்கும் ஒரு பங்காளி சோதனை நிறுவனத்தின் பொருத்தப் பட்டியலில் வந்து நிற்பார் என்று காத்திருப்பது, பெரும்பாலும் ஐரோப்பியர் நிரம்பிய இன்றைய தரவுத்தளங்களில் நம்மவர்களுக்கு வீண் காத்திருப்பு. பெண்களுக்கு ஒய் கிடையாது. அவர்களுக்காக அப்பா, உடன்பிறந்தவர், சித்தப்பா பெரியப்பா, அவர்களுடைய மகன்கள் என யாராவது கொடுக்கலாம். உயிரோடு இருப்பவர்களில் மூத்த தலைமுறையைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு தலைமுறை மேலே போகும்போதும் ஒரு பிறப்பு குறைகிறது, பிழை விழும் வாய்ப்பும் குறைகிறது.

மாதிரி எடுப்பது எளிது, கெடுப்பதும் எளிது. கன்னத்தின் உட்புறத்தைச் சிறு குச்சியால் ஒரு நிமிடம் போல அழுத்தித் தேய்க்க வேண்டும். மெதுவாகத் தடவினால் எச்சில்தான் வரும், போதுமான செல்கள் வராது. அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே காபி, சாப்பாடு, புகை, வெற்றிலை பாக்கு எதுவும் வேண்டாம். குச்சியின் நுனியைக் கையால் தொடக்கூடாது. நுனியை நேராகக் குப்பியில் விட்டு இறுக மூடுங்கள். வயதானவர்களின் மாதிரியில் டி.என்.ஏ. போதவில்லை என்று திரும்பக் கேட்பது உண்டு, அதற்காகப் பதற வேண்டாம். நிஜமான ஆபத்து வேறு. பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே உட்காரலில் எடுத்துக் குப்பிகளை மாற்றி வைத்துவிடுவது. ஒருவருடையதை எடுத்து, பெயர் எழுதி, உறையில் ஒட்டி முடித்த பிறகுதான் அடுத்தவருடைய பெட்டியைத் திறக்க வேண்டும்.

பதில் எண்களாக வரும். ஒய்யில் சில இடங்களில் ஒரு சிறு எழுத்துத்தொடர் திரும்பத் திரும்ப வரும். அது எத்தனை முறை வருகிறது என்பதே அந்த இடத்தின் எண். இந்த இடங்களை எஸ்.டி.ஆர். மார்க்கர்கள் என்பார்கள். டி.ஒய்.எஸ். 393இல் 13, டி.ஒய்.எஸ். 390இல் 24 என்று வரிசையாக இருக்கும். இரண்டு பேருடைய வரிசைகளையும் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தை எண்ண வேண்டும். ஒரு மார்க்கர் மாறுவதற்குச் சராசரியாக 200, 300 பிறப்புகள் ஆகும். 37 மார்க்கர்களைச் சேர்த்துப் பார்த்தால் ஆறேழு பிறப்புக்கு ஒரு மாற்றம் எதிர்பார்க்கலாம். ஆறு தலைமுறைக்கு முன் பிரிந்த இரண்டு பங்காளிகளுக்கு நடுவே இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு, ஆக 12 பிறப்புகள். ஆகவே ஒன்றிரண்டு வித்தியாசம் இருந்தால் பங்காளி இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. ஹூஸ்டனில் உள்ள ஃபேமிலி ட்ரீ டி.என்.ஏ. நிறுவனம் 37 மார்க்கரில் நான்கு வித்தியாசம் வரையும், 111 மார்க்கரில் பத்து வரையும் உள்ளவர்களைப் பட்டியலில் காட்டுகிறது.

கையால் எண்ணுபவர்கள் வழக்கமாகத் தவறு செய்கிற இடம் ஒன்று உண்டு. டி.ஒய்.எஸ். 389 இரண்டு எண்களாக வரும். இரண்டாவது எண்ணுக்குள் முதல் எண்ணும் அடங்கியிருக்கும். ஒருவருக்கு 13, 29. இன்னொருவருக்கு 14, 30. பார்த்தால் இரண்டு வித்தியாசம் போல இருக்கும். கழித்துப் பாருங்கள்: 29இல் 13 போனால் 16, 30இல் 14 போனாலும் 16. உண்மையில் மாறியது ஒரே இடம். அதுபோல டி.ஒய்.எஸ். 464 சாதாரணமாக நான்கு பிரதிகளாக இருக்கும். ஒரு பிரதி இன்னொன்றின் மேல் படிந்து எழுதப்பட்டால் ஒரே நிகழ்வில் பல எண்கள் சேர்ந்து மாறிவிடும். அங்கே மூன்று வித்தியாசம் தெரிவதாலேயே மூன்று மாற்றம் நடந்ததாகக் கொள்ள வேண்டாம். 12 மார்க்கர் மட்டும் உள்ள பழைய முடிவு யாரிடமாவது இருந்தால் அதை வைத்து எதுவும் சொல்லாதீர்கள். சம்பந்தமே இல்லாத இரண்டு பேருக்கு 12 எண்ணும் ஒத்துப்போவது சாதாரணம்.

ஐயம் தீராவிட்டால் ஒய் குரோமோசோமில் படிக்கக்கூடிய பகுதியை வரிசையாகப் படிக்கும் பெரிய சோதனைக்குப் போக வேண்டும். பிக் ஒய்-700 அந்த வகை. அது ஒற்றை எழுத்து மாற்றங்களைத் தேடுகிறது, அவற்றை எஸ்.என்.பி. என்பார்கள். மார்க்கர் எண் ஏறும், பிறகு இறங்கும். ஒற்றை எழுத்து மாறினால் மீண்டும் பழையபடி ஆவது அபூர்வம். இந்தச் சோதனை படிக்கும் பரப்பில், ஒரு வழியில் ஏறக்குறைய 80 ஆண்டுக்கு ஒரு மாற்றம் விழுகிறது. வேறு யாரிடமும் இல்லாத ஒரு மாற்றம் இரண்டு வீட்டாரிடமும் இருந்தால் அது கையெழுத்துப் போட்ட மாதிரி. முப்பத்தேழு மார்க்கர் சோதனையைவிட விலை மூன்று நான்கு மடங்கு. அதனால் முதலில் சிறியதைச் செய்து, பொருத்தம் தெரிந்த பிறகு பெரியதற்குப் போவதே நல்லது.

முடிவோடு ஹாப்லோகுழு என்று ஒன்றும் வரும். ஒய்யின் வம்ச மரத்தில் நீங்கள் எந்தப் பெருங்கிளை என்பதைச் சொல்லும் பெயர் அது: எச், எல், ஆர்2, ஜே2 என்று எழுத்தாக. பலர் இதைத்தான் முதலில் பார்க்கிறார்கள், இதை வைத்துத்தான் சாதிப் பெருமையும் பேசுகிறார்கள். மனம் வருந்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, இது பெரும் பிழை. இந்தப் பெருங்கிளைகள் பல்லாயிரம் ஆண்டு பழையவை. நம் ஊர்ப்பெயர், சாதிப்பெயர் எதுவும் இல்லாத காலத்தவை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன் நடத்திய ஆய்வு வரிசையில், 2012இல் வெளிவந்த கட்டுரை தமிழ்நாட்டின் 31 சமூகங்களைச் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய்யை ஆராய்ந்தது. சமூகத்துக்குச் சமூகம் விகிதம் மாறுகிறது. ஆனால் ஒரு சமூகத்துக்கு ஒரே கிளை என்று இல்லை. உங்கள் எழுத்தும் வேறு சாதிக்காரர் எழுத்தும் ஒன்றாக இருக்கலாம், உங்கள் சாதிக்காரர் எழுத்து வேறாக இருக்கலாம்.

இங்கிலாந்தில் இந்தத் துறை வேகமாக வளர்ந்ததற்குக் காரணம் குடும்பப்பெயர். அங்கே பெயரும் ஒய்யும் ஒரே வழியில் இறங்குகின்றன. ஆக்ஸ்ஃபோர்டின் மரபியலாளர் பிரையன் சைக்ஸ் 2000இல், தம் குடும்பப்பெயரையே கொண்ட 48 ஆண்களைச் சோதித்தபோது ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஒரே ஒய் இருந்தது. நமக்கு இனிஷியல்; அது தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும். நம்மிடம் அந்த வேலையைச் செய்வது குலதெய்வம், கொங்கு நாட்டுக் கூட்டம், நகரத்தார் கோயில் போன்றவை. ஆனால் கவனம். கொண்டையங்கோட்டை மறவர்களின் கிளையும், மட்டக்களப்புப் பகுதியின் குடியும் தாய்வழியில் இறங்குபவை. அங்கே கிளையையோ குடியையோ ஒய் வைத்துத் தேடினால் பொருந்தாது, பொருந்தவும் கூடாது.

1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பகுதி சென்னையில் கப்பல் ஏறியவர்கள். இன்று அவர்கள் வழிவந்தோர் பிள்ளே, கவெண்டர், மூட்லி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவை பிள்ளை, கவுண்டர், முதலி என்ற பட்டங்கள், குடும்பப்பெயராக உறைந்துபோனவை. இரண்டு கவெண்டர்கள் பங்காளிகளாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அவர்கள் தொடங்க வேண்டிய இடம் கப்பல் பதிவேடு. அதில் கூலி எண், தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, கிராமம் இருக்கும். கிராமத்தின் பெயர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. வாய்விட்டுச் சத்தமாகப் படித்தால்தான் ஊர் பிடிபடும். ஊரில் அந்த வழியினர் என்று நம்பப்படும் ஒருவரைக் கண்டுபிடித்து இருவரையும் சோதித்தால், பதில் ஆம் அல்லது இல்லை என்று தெளிவாக வரும்.

இல்லை என்று வந்தால்? அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டே தொடங்க வேண்டும். பெல்ஜியத்தின் மரபியலாளர் மார்டன் லார்முசோ, மேற்கு ஐரோப்பாவில் காகிதத்துத் தந்தையும் உயிரியல் தந்தையும் வேறாக இருப்பது தலைமுறைக்குச் சுமார் 1 விழுக்காடு என்று காட்டியிருக்கிறார். பத்துத் தலைமுறைக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு வாய்ப்பு. அரச வம்சமும் விலக்கில்லை. இங்கிலாந்தின் லெஸ்டரில் 2012இல் தோண்டி எடுத்த அரசர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்பு, தாய்வழி டி.என்.ஏ.யில் அவருடைய பெண்வழி உறவினரோடு பொருந்தியது, ஆனால் ஆண்வழிப் பங்காளிகள் என்று ஆவணம் சொன்ன ஐந்து பேரில் ஒருவருடைய ஒய்யும் அவரோடு பொருந்தவில்லை. நம் வீடுகளில் இதற்குச் சுவீகாரமும் ஒரு காரணம். பங்காளி வீட்டுப் பிள்ளையைத் தத்து எடுத்திருந்தால் ஒய் மாறாது. மகள் வயிற்றுப் பேரனைத் தத்து எடுத்திருந்தால் அந்த இடத்தில் ஒய் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விடும். அதில் யாருக்கும் அவமானம் இல்லை. ஆனால் சோதனைக்குக் கன்னத்தை நீட்டும் பெரியவரிடம் இப்படியும் வரலாம் என்று முன்கூட்டியே சொல்லி, அவர் வாயால் சம்மதம் வாங்கிய பிறகே குச்சியை எடுக்க வேண்டும். முடிவை அவருக்கு முதலில் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு அவருக்குச் சொல்லக்கூடாது.

கடைசியாக ஒன்று. நிறுவனத்தில் அவர் பெயரில் கணக்கு தொடங்கும்போது, அவருக்குப் பிறகு அதைப் பார்த்துக்கொள்ளும் வாரிசு யார் என்று எழுத ஓர் இடம் இருக்கும். அதைக் காலியாக விடாதீர்கள். மாதிரியின் மிச்சத்தை ஆய்வகம் பாதுகாத்து வைத்திருந்தால், முப்பத்தேழு மார்க்கருக்காக இன்று கொடுத்த அதே மாதிரியில், அவர் இல்லாத காலத்தில்கூட பெரிய சோதனையைச் செய்துகொள்ள முடியும். கூடவே ஒரு தாளில் அவர் பெயர், அப்பா, தாத்தா, பூட்டன் பெயர்கள், ஊர், குலதெய்வம், மாதிரி எடுத்த தேதி எல்லாவற்றையும் அவரையே சொல்லச் சொல்லி எழுதி, அந்தக் கணக்கு எண்ணோடு சேர்த்து வையுங்கள்.

வணக்கம்.