பாபநாசம் படித்துறை: ஆடி அமாவாசைக்கு மறுநாள்

வணக்கம் மக்களே. நெல்லை மாவட்டத்தில், தாமிரபரணி ஆற்றின் பாபநாசம் படித்துறையில் நிற்கிறேன். நேற்றைய ஆடி அமாவாசைக் கூட்டம் வடிந்துவிட்டது. கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன், பாருங்கள். பாறை மாதிரி தெரிகிறதே, அதெல்லாம் துணி. வேட்டி, சேலை, சட்டை, பேன்ட் எல்லாம் சேற்றோடு இறுகிக் கிடக்கிறது. பாலியெஸ்டர் லேசில் மட்காது. குளிக்க இறங்குகிறவர்களின் காலைச் சுற்றும்.

உடுத்திய துணியை ஆற்றோடு விட்டால் தோஷம் போகும் என்று நம்பித்தான் விடுகிறார்கள். பெற்றவர்களைப் பறிகொடுத்தவர்களுக்கு எதையாவது இறக்கி வைத்துவிட்டு வீடு திரும்ப வேண்டும் போலத்தான் இருக்கும். அது எனக்குப் புரிகிறது. ஆனால் தர்ப்பணத்துக்கு வேண்டியது எள், தண்ணீர், தர்ப்பை. துணிக்கு அதில் வேலையே இல்லை.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும்வரை தாமிரபரணி தமிழ்நாட்டை விட்டு வெளியே போவதில்லை. அதனால் இந்த அழுக்குக்கு வேறு யாரையும் நாம் கைகாட்ட முடியாது. நெல்லையிலும் தூத்துக்குடியிலும் குடிக்கிற தண்ணீர் இதுதான்.

இதே ஆற்றின் கரையில், கீழே ஆதிச்சநல்லூர் இருக்கிறது. இறந்தவர்களை முதுமக்கள் தாழியில் வைத்துப் புதைத்த இடம். 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டினார், அப்புறம் அலெக்சாண்டர் ரீ. அந்த வட்டாரத்திலேயே சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்லுக்கு ஏறக்குறைய 3,200 வயது என்று 2021-ல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். இறந்தவருக்கு நெல் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். ஆதிச்சநல்லூரில் அவர்கள் தேர்ந்தெடுத்த இடத்தையும் பாருங்கள். பயிருக்கு ஆகாத பறம்பு மேடு. செத்தவர்களுக்கு மரியாதை செய்ய, இருப்பவர்களுக்குச் சோறு போடுகிற நிலத்தில் அவர்கள் கை வைக்கவில்லை. எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரிகிறது.

சரி, என் வீட்டுக் கதையும் இதில் இருக்கிறது. அப்பாவும் சித்தப்பாவும் வயல் பாகப்பிரிவினையில் பேச்சை நிறுத்தியவர்கள். ஒரே தாத்தாவுக்கு ஆளுக்கொரு படித்துறையில் எள்ளும் தண்ணீரும் இறைத்து வந்தார்கள். மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்லித்தானே தர்ப்பணம் செய்ய வேண்டும்? எங்கள் ஐயர் அதையெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருப்பார். போன மகாளய அமாவாசைக்கு அவரால் வர முடியவில்லை. வேறொருவர் செய்து வைத்தார். மூன்றாவது பெயரைக் கேட்டதும் அப்பாவுக்கு நாக்கில் வரவில்லை. அம்மா ஒன்றும் பேசாமல் சித்தப்பாவுக்கு போன் போட்டு அப்பா கையில் கொடுத்தார். சித்தப்பா பெயரைச் சொன்னார். கொஞ்சம் பொறுத்து, "சாப்பிட்டாச்சாண்ணே?" என்று கேட்டார்.

பாகப்பிரிவினை இன்னும் முடியவில்லை, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் நேற்று இருவரும் ஒரே படியில் இறங்கினார்கள். ஈர வேட்டிகளைப் பிழிந்து ஒரே பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தோம். அந்தப் பெயர்கள் வரிசையாக வரும்போது நான் நினைத்தது இதுதான்: ஒருநாள் அந்த வரிசையில் அப்பா பெயர் வரும், அப்புறம் என் பெயரும் வரும். அதைச் சொல்கிறவர் இறங்கி நிற்க இங்கே நல்ல தண்ணீர் வேண்டாமா?

அடுத்து புரட்டாசியில் மகாளய அமாவாசை. வருகிறவர்கள் ஒரு பை கொண்டு வாருங்கள், துணியைத் திரும்ப எடுத்துப் போங்கள். சோப்பு, ஷாம்பு பாக்கெட் வேண்டாம். பேச்சு நின்றுபோன சித்தப்பா, பெரியப்பா, அத்தை யாராவது இருந்தால், பெயர் கேட்கிற சாக்கில் ஒரு போன் செய்யுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். பாட்டிமார் பெயர்களையும் சேர்த்து. அவைதான் முதலில் மறந்து போகின்றன.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் இந்தத் துணியை எடுக்க இறங்குகிறோம். ஆழம் போக வேண்டாம், கரையில் கிடப்பதே நிறைய. கையுறையும் பழைய சாக்கும் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள்.