படகின் மூக்கை உடைப்பது யார்?

வணக்கம் நேயர்களே. ஃபைபர் படகுகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். இங்கே ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன், சிட்னிப் பக்கம் நம் ஆட்கள் நிறையப் பேர் சின்னதாக ஒரு மீன்பிடிப் படகு வாங்கி, டிரெய்லரில் ஏற்றி, காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு ஐல்டன் ஏரி, மல்லகூட்டா, யூகம்பீன் என்று கிளம்பிவிடுகிறார்கள். விடுமுறை முடிந்து ஜனவரி கடைசியில் பட்டறைக்கு வரும் படகுகளைப் பார்த்தால், பாறையில் மோதியவற்றைவிட ரோட்டில் கல்லடி பட்டவைதான் அதிகம். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

கல்லடி என்றதும் எல்லோரும் எதிரே வந்த லாரியைத் திட்டுவார்கள். லாரியும் அடிக்கும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் படகின் முன்மூக்கிலும் அடிவயிற்றிலும் பொரிப்பொரியாக இருக்கும் சேதத்தில் பெரும்பகுதி உங்கள் சொந்தக் காரின் பின்சக்கரம் செய்த வேலை. உருளுகிற டயர் தரையைத் தொடும் இடத்தில், தரையோடு ஒப்பிட்டால், அந்தக் கணத்துக்கு நின்றுகொண்டுதான் இருக்கிறது. அதனால் அங்கிருந்து எகிறும் கல்லுக்குப் பெரிய வேகம் கிடையாது, கொஞ்சம் மேலே எழும்பி அந்தரத்தில் தொங்குகிற மாதிரிதான் இருக்கும், அதற்குள் பின்னாலேயே மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் உங்கள் படகு போய் அதில் முட்டிக்கொள்கிறது. அடியின் பலம் முழுக்க உங்கள் வேகத்திலிருந்து வருகிறது, அதுவும் வேகத்தின் வர்க்கமாக. 100-ல் போவதை 80 ஆக்கினால் மோதலின் ஆற்றல் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையும், 60 ஆக்கினால் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். காசு செலவில்லாத பாதுகாப்பு இது, ஆனால் இதைச் சொன்னால்தான் யாருக்கும் பிடிப்பதில்லை.

சரளை ரோடு மட்டும்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். இந்த நாட்டின் கிராமப்புறத் தார் ரோடுகளில் பெரும்பாலானவை தாரைத் தெளித்து, அதன்மேல் 7, 10, 14 மில்லிமீட்டர் ஜல்லியைப் பரப்பி, உருளையால் அழுத்திப் போடுபவை. போட்டுக் கொஞ்ச நாளைக்கு ஒட்டாத ஜல்லி மேலேயே கிடக்கும். தார் நன்றாகப் பிடிக்க வெப்பம் வேண்டும் என்பதால் இந்த வேலையை வெயில் காலத்தில்தான் வைத்துக்கொள்கிறார்கள், நாம் படகை வெளியே எடுப்பதும் அப்போதுதான். 40 என்றோ 60 என்றோ தற்காலிக வேகப் பலகை வைத்திருப்பார்கள், ரோடு பார்க்கப் புதிதாக வழவழவென்று இருக்கும், ஒரு தொழிலாளியையும் காணோம், இதற்கு எதற்கு மெதுவாகப் போக வேண்டும் என்று மிதிப்பார்கள். புத்தம்புது ஜல்லி உடைந்த முனை மழுங்காமல் இருக்கும். ஆற்றுக் கூழாங்கல்லைவிட மோசமாகக் கொத்தும்.

சரி, எதை மாட்டுவது? கல் கிளம்புகிற இடத்திலேயே தடுப்பதுதான் புத்திசாலித்தனம், அதாவது முதல் செலவைப் படகில் செய்யாதீர்கள், காரில் செய்யுங்கள். சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் ரப்பர் தட்டியான மட்ஃபிளாப், கம்பெனி கொடுக்கும் சின்னதாக இருந்தால் போதாது. இழுவைக் கொக்கிக்குப் பக்கத்தில் மாட்டி, காரின் அகலம் முழுக்கத் தொங்கவிடுகிற தடித்த ரப்பர் மட்ஃபிளாப் வருகிறது, ராக் டேமர்ஸ் போல. படகை மாட்டி, சாமான் எல்லாம் ஏற்றி, காரின் பின்பக்கம் தாழ்ந்த பிறகு ரப்பரின் அடிக்கும் தரைக்கும் ஒரு கையளவு இடைவெளி இருக்கிற மாதிரி அளவெடுங்கள். வெறும் வண்டியில் அளந்தால் பாரம் ஏறியதும் தரையில் தேயும். புகைக்குழாய் அதைத் தொடாமலும் பாருங்கள், சூடு ரப்பரைத் தின்றுவிடும்.

இன்னொன்று ஸ்டோன் ஸ்டாம்பர் வகை. காரின் பின்பக்கத்துக்கும் டிரெய்லரின் முன்பக்கத்துக்கும் நடுவே கட்டில் வலை மாதிரி படுக்கைவசமாக ஒரு வலையை இழுத்துக் கட்டுவது. மேலே எழும்பும் கல் வலையில் முட்டிக் கீழேயே விழும், காற்று தாராளமாகப் போய்வரும். காரவான்காரர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். நேராகச் சரளை ரோட்டில் நாள்கணக்கில் போகிறவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். வருஷத்துக்கு இரண்டு தடவை ஏரிக்குப் போகிறவருக்கு இது அதிகம், மட்ஃபிளாப் போதும்.

பலர் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. டிரெய்லரின் முன்பக்கம் இருக்கும், படகை இழுத்து ஏற்றும் வின்ச் கம்பத்திலோ, அங்கே கட்டிவைத்த பெட்டியிலோ கல் பட்டால் திரும்பி வந்து காரின் பின்கண்ணாடியை நொறுக்கிவிடும். இழுத்துக்கொண்டு போகும்போது பின்கண்ணாடி உடைந்தால் அநேகமாகக் காரணம் இதுதான். அங்கே சப்பையான, கடினமான பரப்பு எதையும் வெறுமனே விடாதீர்கள், பழைய தரைவிரிப்பைச் சுற்றுங்கள். நீண்ட சரளைப் பயணம் என்றால், பின்னால் பார்க்கக் கண்ணாடிகளோ கேமராவோ ஒழுங்காக இருந்தால், பின்கண்ணாடிமேல் நெளி பிளாஸ்டிக் அட்டையை ஒட்டிவிடலாம்.

அப்புறம் படகு. ஃபைபர் படகின் மேல்தோலான ஜெல்கோட் சுமார் அரை மில்லிமீட்டர்தான். அது சில்லு பெயர்ந்தால் உள்ளே கண்ணாடி இழை தெரியும், தண்ணீர் மெல்ல இறங்க ஆரம்பிக்கும். டின்னி என்று இங்கே சொல்கிற அலுமினியப் படகு பெயின்ட்தான் இழக்கும், சின்னச் சின்னதாக நசுங்கும், மற்றபடி தாங்கிக்கொள்ளும். கல்லு ரோட்டுக்கு என்றே ஒரு படகு வாங்கப் போகிறீர்கள் என்றால் டின்னியே வாங்குங்கள் என்பேன், என் பிழைப்புக்கு அது நல்லதில்லை என்றாலும்.

கார்களுக்கு ஒட்டும் தெளிவான பாலியூரித்தேன் ஃபிலிமை முன்மூக்கில் ஒட்டலாம். வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளை மணலிலிருந்து காப்பாற்றப் பயன்பட்ட சரக்கிலிருந்து வந்தது அது. டிரெய்லரிலேயே இருக்கும் படகுக்கு நன்றாக உழைக்கும். மாதக்கணக்கில் தண்ணீரிலேயே கிடக்கும் படகென்றால் ஓரம் பெயரும். கரையில் ஏற்றும்போது அடிபடாமல் இருக்க படகின் அடித்தண்டின் முன்பகுதியில் ஒட்டுகிற தடித்த பட்டையும் கல்லுக்கு உதவும்.

தார்ப்பாய் விஷயத்தில் கவனம். தளர்வாகக் கட்டிய தார்ப்பாய், கல் செய்யாத சேதத்தைச் செய்யும். காற்றில் படபடவென்று அடித்து, உள்ளே புகுந்த தூசியை வைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி ஜெல்கோட்டை மங்கலாக்கிவிடும். இழுத்துப் போவதற்கென்றே தைத்த உறை இருந்தால், படகையும் உறையின் உள்பக்கத்தையும் கழுவிவிட்டு, விறைப்பாகக் கட்டுங்கள். இல்லையென்றால் திறந்தே போங்கள், படகுக்குள் லைஃப் ஜாக்கெட், ஐஸ் பெட்டி மூடி எல்லாவற்றையும் கட்டிவிட்டு. அவை பறந்தால் பின்னால் வருகிறவருக்கு நீங்கள்தான் கல்.

படகு உட்காரும் தாங்குகட்டைகளின் விரிப்பில் சரளைத்துகள் ஏறியிருக்கும். ஏற்றுவதற்கு முன்னால் ஹோஸால் நன்றாக அடித்துக் கழுவுங்கள். டிரெய்லர் சக்கரங்களும் கல் எறியும், அது பின்னால் மோட்டார்மீதும் மீன்காட்டியின் சென்சார்மீதும் போகும். சென்சாருக்கு ஒரு ரப்பர் மூடி, பிரேக் குழாய்க்கும் விளக்கு வயருக்கும் பிளந்த தோட்டக்குழாய், இது போதும்.

வடக்கே போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பல டிரெய்லர்களைக் கோத்து இழுக்கும் லாரிகளான ரோடு டிரெயின்கள் 53.5 மீட்டர் வரை நீளம். ஒற்றைத் தார் ரோட்டில் எதிரே ஒன்று வந்தால் பாதி தார், பாதி மண் என்று ஒதுங்காமல், இடம் பார்த்து முழுசாக இறங்கி நின்றுவிடுங்கள். அது தாரிலேயே போனால் கல் குறைவு, உங்களுக்காக ஓரத்தில் இறங்கினால் கல்மழைதான்.

எல்லாம் செய்தும் ஒன்றிரண்டு சில்லு பெயரத்தான் செய்யும். அசிட்டோனால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, ஜெல்கோட் பசையைக் கடினமாக்கியோடு (ஹார்டனர்) கலந்து, கொஞ்சம் மேடாகவே நிரப்பி, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டுங்கள், காற்றுப் பட்டால் மேற்பரப்பு இறுகாமல் பிசுபிசுக்கும். பிறகு தண்ணீர் விட்டு 400, 800, 1000 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்த்துப் பாலிஷ் போடலாம். இந்த வேலையை ஜூன், ஜூலைக் குளிரில் திறந்த கொட்டகையில் செய்யாதீர்கள். இறுகாது, கடினமாக்கியை இரண்டு மடங்கு ஊற்றி அவசரப்படுத்தினால் வெடித்துப் பெயரும். வெயில் வரும்வரை அந்த இடத்தில் ஒரு துண்டு நீர்புகா டேப்பை ஒட்டி வையுங்கள்.