கூண்டு ஏற்றாத சுண்டெலி

(புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். முன் வரிசையில் நர்சிங் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறீர்கள், பின்னால் பெரியவர்கள். இரண்டு தரப்புக்கும் போய்ச் சேரும்படி பேசப் பார்க்கிறேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் காத்துக் கிடந்தவர்களுக்கு, "ரத்தத்துல கிருமி கலந்துடுச்சு" என்று டாக்டர் சொல்லும் வார்த்தை பழக்கமானது. செப்சிஸைத்தான் பேச்சு வழக்கில் அப்படிச் சொல்கிறார்கள். கிருமி ஆளைக் கொல்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். அது பாதி உண்மை. மீதிப் பாதி, கிருமியைக் கண்டு நம் உடம்பே அளவு மீறிக் காட்டும் எதிர்ப்பு. அதன் ரகசியம் ஒரு சுண்டெலியின் மரபணுவில் இருக்கிறது.

1892இல் ரிச்சர்ட் பைஃபர் என்ற ஜெர்மானியர் காலராக் கிருமிகளைச் சூடாக்கிக் கொன்றுவிட்டு, அந்தச் செத்த கிருமியைக் கினிப் பன்றிகளுக்குச் செலுத்தினார். பன்றிகள் செத்தன. உயிரில்லாத கிருமி எப்படிக் கொல்லும்? கிருமியின் உடம்போடு ஒட்டியே ஒரு நஞ்சு இருக்கிறது என்று முடிவு செய்து அதற்கு எண்டோடாக்சின் என்று பெயர் வைத்தார். இ.கோலை, டைபாய்டு, காலரா போன்ற கிருமிகளின் வெளிச்சுவரில் இருக்கும் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த பொருள் அது. சுருக்கமாக எல்பிஎஸ் என்பார்கள். ஆனால் அதை நம் உடம்பு எதைக் கொண்டு உணர்கிறது என்பது நூறு வருஷத்துக்கு மேல் யாருக்கும் பிடிபடவில்லை.

இந்த இடத்தில்தான் சி3எச்/ஹெச்இஜே என்ற சுண்டெலி வம்சம் வருகிறது. மற்ற எலிகளைக் கொல்லும் அளவு எல்பிஎஸ் கொடுத்தாலும் இதற்கு ஒன்றும் ஆகாது. 1960களிலேயே இதைக் கவனித்துவிட்டார்கள். அடடா, நஞ்சே ஏறாத எலி, கொடுத்து வைத்தது என்று தோன்றும். சரி, அதே எலிக்கு உயிருள்ள சால்மோனெல்லாக் கிருமி கொஞ்சம் கொடுத்துப் பாருங்கள். மற்ற எலிகள் தாங்கிக்கொள்ளும் அளவுக்கே இது செத்துப் போகும். இந்த இரண்டையும் சேர்த்து வைத்து யோசிக்கும்போதுதான் எனக்கு மெய் சிலிர்க்கும். நஞ்சு தாக்காத எலி, கிருமிக்கு முதலில் பலியாகிறது.

காரணத்தைத் தேடியவர் டல்லாஸில் இருந்த ப்ரூஸ் பாய்ட்லர். 1993இல் தொடங்கினார். கோளாறு எலியின் 4ஆவது குரோமோசோமில் எங்கோ இருக்கிறது என்பது மட்டும் முன்பே தெரியும். எலியின் முழு மரபணு வரிசை கையில் இல்லாத காலம். எலிகளை இணை சேர்த்து, பிறந்த குட்டிகளில் ஒவ்வொன்றின் வெள்ளணுக்களுக்கும் எல்பிஎஸ் காட்டி, அவை டிஎன்எஃப் என்ற காய்ச்சல் தூண்டும் புரதத்தைச் சுரக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சுரக்காத குட்டியின் குரோமோசோமை மற்றதோடு ஒப்பிட்டு, தேடும் எல்லையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்க வேண்டும். இப்படியே ஐந்து வருஷம். 1998இல் அகப்பட்டது டிஎல்ஆர்4 (டோல் போன்ற ஏற்பி 4) என்ற மரபணு.

இது மேக்ரோஃபேஜ் போன்ற வெள்ளணுக்களின் மேல்தோலில் நின்று, வெளியே வருவதைத் தொட்டு உணர்ந்து உள்ளே சேதி சொல்லும் ஏற்பிப் புரதத்தை உண்டாக்குகிறது. எலியில் அதன் நீளம் 835 அமினோ அமிலம், அதாவது புரதச் சங்கிலியில் அத்தனை கண்ணிகள். அந்த எலி வம்சத்தில் 712ஆவது இடத்தில் புரோலின் இருக்க வேண்டிய இடத்தில் ஹிஸ்டிடின் இருந்தது. அவ்வளவுதான், ஒரே ஓர் எழுத்துப் பிழை. அதுவும் எங்கே? செல்லுக்கு வெளியே எல்பிஎஸ்ஸைத் தொடும் பகுதியில் இல்லை. உள்ளே சேதி சொல்லும் பகுதியில்.

நம் கரையில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். புயல் வருகிற சேதி துறைமுகத்துக்கு வந்துவிட்டது, ஆனால் கூண்டு ஏற்றவில்லை. ஊர் நிம்மதியாகத் தூங்கும். காய்ச்சல் இல்லை, நடுக்கம் இல்லை. புயல் மட்டும் வந்து சேரும்.

டிஎல்ஆர்4இன் பெயரில் இருக்கும் டோல், பழ ஈயில் முன்பே தெரிந்த மரபணுதான். கருவில் முதுகு எது, வயிறு எது என்று தீர்மானிக்கும் மரபணு அது. நம் ஊர்க்காரர்கள் பலருக்குச் சொந்தக்காரர்கள் இருக்கும் பிரான்ஸில், ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில், ஜூல் ஹொஃப்மான் குழு 1996இல் டோல் கெட்டுப் போன ஈக்களைப் பூஞ்சை கொல்வதைக் காட்டியது. ஈயிடமும் எலியிடமும் நம்மிடமும் ஒரே குடும்பத்துக் காவல்! 2011 நோபலில் பாதியை ஹொஃப்மானும் பாய்ட்லரும் பகிர்ந்துகொண்டார்கள்.

அப்படியானால் செப்சிஸில் டிஎல்ஆர்4ஐ அடைத்துவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். உலகமும் அதைத்தான் கேட்டது. எரிடோரான் என்ற மருந்து இந்த ஏற்பியை அடைக்கும். சுமார் 2000 நோயாளிகளிடம் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். இறப்பு குறையவில்லை. நோயாளி வந்து சேரும்போது டிஎன்எஃப்பும் மற்றவையும் ரத்தத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன, அப்புறம் ஏற்பியை அடைத்து என்ன செய்வது என்பது ஒரு விளக்கம். போதாததற்கு எலி எல்பிஎஸ்ஸை நம்மைவிடப் பல மடங்கு தாங்கும். எலியில் பலித்தது மனிதனில் பலிக்கும் என்று எழுதிக் கொடுக்க முடியாது.

ஆகவே நர்சிங் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. சர்க்கரை நோயாளி, காலில் புண், திடீரென்று குளிர் நடுக்கம், மூச்சு வாங்குகிறது, பேச்சு குழறுகிறது என்றால் காலை வரை பார்க்கலாம் என்று யாரையும் சொல்ல விடாதீர்கள். ஆன்டிபயாடிக் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது.

அடைப்பதில் தோற்றாலும் இந்த ஏற்பியைத் தட்டி எழுப்புவதில் ஜெயித்திருக்கிறோம். எல்பிஎஸ்ஸின் கொழுப்புப் பகுதியை மாற்றி, நஞ்சு போக்கி, அக்கிக்கான தடுப்பூசி ஒன்றில் சேர்க்கிறார்கள். டிஎல்ஆர்4 விழித்துக்கொள்வதால் தடுப்பூசியின் வேலை பலப்படுகிறது. இங்கே கோவாக்சின் போட்டுக்கொண்டவர்களும் இருப்பீர்கள். அதில் அலுமினிய உப்போடு ஒட்டிச் சேர்த்திருந்த சிறு மூலக்கூறு, இதே குடும்பத்தில் செல்லுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் டிஎல்ஆர்7, டிஎல்ஆர்8 இரண்டையும் தூண்டுவதற்காக வைத்தது.